படங்களையும் விஎம்களையும் ஒரே டிஸ்க் தொகுதியில் வைக்கலாமா?

உங்கள் கேள்வி இது: 4 டிபி ஹார்டு டிஸ்க் நான்கு வாங்கி, ரெய்டு 5 ஆகக் கட்டி (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்குகளை ஒரே தொகுதியாக இணைப்பது), ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டரில் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்), அதில் ஓடப்போகும் ஐந்து விஎம்கள் (அந்த மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்), ஜெல்லிஃபினுக்கான (வீட்டு டிவிகளுக்குப் படம் அனுப்பும் மென்பொருள்) படங்கள், வீட்டுப் போட்டோக்கள் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிடலாமா? அதற்கு எந்தப் பிராண்டு நல்லது? கையில் இருப்பது 8ஆம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர், 16 ஜிபி ராம், டிஸ்குகளை மாட்ட நான்கு சாட்டா போர்ட், அட்டை வடிவ டிஸ்குக்கு ஒரு எம்.2 ஸ்லாட். படங்களும் பாட்டும் சேர்த்து 6 டிபி, குடும்பப் போட்டோ வீடியோ 500 ஜிபிக்குச் சற்று மேல். எல்லாம் இப்போது இரண்டு பழைய யூஎஸ்பி டிஸ்குகளில் கிடக்கின்றன. பின்னால் கேமரா பதிவையும் இதில் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பிராண்டு கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இரண்டுதான். எந்தத் தரவை எங்கே வைத்தால் சர்வர் திணறாமல் ஓடும்? ஒரு டிஸ்க் செத்தால் எது போனாலும் பரவாயில்லை, எது போகவே கூடாது? இவ்விரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் என்ன வாங்குவது என்ற பட்டியல் தானாக வந்துவிடும்.

நான் 14 வருடமாக சர்வர், ஸ்டோரேஜ் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். மதுரையில் என் வீட்டிலும் 2016லிருந்து இதே மாதிரி ஒரு பெட்டி ஓடுகிறது. வேலையில் நூற்றுக்கணக்கான டிஸ்குகளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். வீட்டில் இதுவரை மொத்தம் பதினொன்று. பதினொரு டிஸ்கை வைத்து இந்தப் பிராண்டு உசத்தி, அது மட்டம் என்று சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். அதனால் அதற்குள் போகவில்லை.

சுருக்கமான பதில்: எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் வைக்காதீர்கள். விஎம்கள் எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத சிப் டிஸ்க்) இருக்கட்டும். படங்கள் பெரிய ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். போட்டோக்கள் மூன்று இடத்தில் இருக்கட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால் நாளைக்குத் தேவை மாறும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு, அதன் மேல் நகரும் ஒரு கை. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி வினாடி. கை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லி வினாடி. கூட்டிப் பாருங்கள், ஒரு சிறு வேலைக்கு 12, 13 மில்லி வினாடி. ஒரு வினாடியில் 75, 80 சிறு வேலைகளுக்கு மேல் அதனால் முடியாது. இது எந்தப் பிராண்டிலும் மாறாது, எத்தனை டிபி என்றாலும் மாறாது. இதே டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 150 எம்பிக்கு மேல் சாதாரணமாகக் கொடுக்கும். 4கே ப்ளூரே டிஸ்கில் உள்ள படமே உச்சத்தில் 128 மெகாபிட்தான், அதாவது வினாடிக்கு 16 எம்பி. உங்கள் வீட்டில் மூன்று டிவியில் மூன்று படம் ஓடினாலும் ஒரே ஒரு டிஸ்க் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். அதனால் படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வேகத்துக்காக ரெய்டு தேவையே இல்லை.

விஎம்கள் நேரெதிர். ஒவ்வொன்றும் தன் போக்கில் 4 கேபி, 8 கேபி, 16 கேபி என்று துண்டு துண்டாக எழுதிக்கொண்டே இருக்கும். லாக் எழுதும், டேட்டாபேஸ் எழுதும், அப்டேட் இறக்கும். ஐந்து விஎம் சேர்ந்தால் அந்த 75, 80 என்ற எண் எப்போதோ தாண்டிவிடும். ரெய்டு 5 போட்டால் இது இன்னும் மோசமாகும். ஒரு சிறு துண்டை எழுதப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் (தொலைந்த தரவை மீண்டும் கணக்கிட உதவும் கூடுதல் தரவு) படித்து, புதியதையும் புதிய பாரிட்டியையும் எழுத வேண்டும். ஒரு வேலை நான்காகிவிடுகிறது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ரெய்டு-இசட் வேறு மாதிரி வேலை செய்கிறது என்றாலும், சிறு வேலைகளில் ஒரு முழுத் தொகுதி ஏறக்குறைய ஒரு டிஸ்கின் வேகத்தைத்தான் தரும். நான்கு டிஸ்க் வாங்கிவிட்டு ஒரு டிஸ்கின் சுறுசுறுப்பு.

என் முதல் பெட்டியை இப்படித்தான் கட்டினேன். எல்லாம் ஒரே தொகுதி. அம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய படம் பார்ப்பார். ஏதாவது ஒரு காட்சியில் படம் நின்று வட்டம் சுற்றும். நெட்வொர்க் கேபிளை மாற்றினேன், ரவுட்டரை மாற்றினேன், டிவி ஆப்பை மாற்றினேன். ஒரு நாள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் காதில் விழுந்தது. படம் நன்றாக ஓடும்போது டிஸ்கிலிருந்து மெல்லிய ரீங்காரம் மட்டும். நின்றபோது புளியங்கொட்டையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல ஒரு கடகட சத்தம், பத்துப் பதினைந்து வினாடிக்கு. ஒரு விஎம்மில் இருந்த டேட்டாபேஸ் பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தது. டிஸ்கின் கை அங்கும் இங்கும் ஓட, படம் வரிசையில் காத்துக் கிடந்தது. அந்த வாரமே விஎம்களை ஒரு சிறிய எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். அதற்கப்புறம் அந்த வட்டம் வரவில்லை.

ஆக முதல் செலவு எஸ்எஸ்டி. உங்களுக்கு 1 டிபி போதும். ஐந்து விஎம்முக்குத் தலா 32 ஜிபி என்றாலும் 160 ஜிபிதான் ஆகிறது, மிச்ச இடம் விஎம்கள் வளர்வதற்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது). எஸ்எஸ்டியை முழுக்க நிரப்பாதீர்கள், ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருந்தால் அது நன்றாக வேலை செய்யும். வாங்கும்போது டிஎல்சி வகையா (ஒரு செல்லில் 3 பிட்), க்யூஎல்சி வகையா (ஒரு செல்லில் 4 பிட்) என்று பாருங்கள். க்யூஎல்சி விலை குறைவு. அதன் முகப்பில் இருக்கும் வேகமான கேஷ் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பும்வரை பறக்கும், நிரம்பியதும் சில மாடல்கள் வினாடிக்கு 100 எம்பிக்கும் கீழே விழுந்துவிடும். எழுதித் தாங்கும் அளவிலும் வித்தியாசம் பெரிது. 1 டிபி அளவில் ஒரு நல்ல டிஎல்சி டிரைவுக்கு 600 டிபி எழுதும்வரை வாரண்டி உண்டு, க்யூஎல்சியில் 200 டிபி என்று போட்ட மாடல்கள் இருக்கின்றன.

ப்ராக்ஸ்மாக்ஸ் எஸ்எஸ்டியைத் தின்றுவிடும் என்று நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். இதில் உண்மையும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. அது இடைவிடாமல் லாக் எழுதும் என்பதும், ஒரு முறை எழுத வேண்டியதை இசட்எஃப்எஸ் பெருக்கி எழுதும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு 40 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 14.6 டிபிதான். 600 டிபிக்கு எவ்வளவு வருடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டில் நிஜமாக எவ்வளவு எழுதப்படுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. என்விஎம்இ டிரைவின் (எம்.2 ஸ்லாட்டில் மாட்டும் வேகமான எஸ்எஸ்டி) ஸ்மார்ட் தகவலில் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைக்கும் பதிவு) எழுதப்பட்ட அலகுகள் என்று ஒரு எண் இருக்கும். ஒரு அலகு 5,12,000 பைட். இன்று ஒரு முறை, அடுத்த வாரம் இதே நாள் ஒரு முறை குறித்துக் கழித்தால் வாரக் கணக்கு வந்துவிடும். ஒரே பெட்டிதான், கிளஸ்டர் (பல சர்வர்கள் சேர்ந்த கூட்டம்) இல்லை என்றால், ஒரு சர்வர் நின்றால் இன்னொன்றைப் பொறுப்பேற்க வைக்கும் ஹெச்ஏ சேவைகளை நிறுத்திவிடலாம், அந்த எண் கொஞ்சம் இறங்கும்.

எஸ்எஸ்டி ஒன்றா, மிரராக (இரண்டிலும் ஒரே தரவு) இரண்டா? வீட்டு விளக்கு, இன்டர்நெட் எல்லாம் விஎம்மை நம்பி இருக்கிறது, அரை நாள் நின்றால் வீட்டில் சண்டை வரும் என்றால் இரண்டு. இல்லையென்றால் ஒன்று போதும், ஆனால் தினமும் இரவு எல்லா விஎம்மும் ஹார்டு டிஸ்குக்கு பேக்கப் ஆக வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸிலேயே அதற்கு வசதி உண்டு, ஐந்து நிமிட வேலை. எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே அடியாகப் போய்விடும், இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. பேக்கப் இருந்தால் புதிய எஸ்எஸ்டி, ஒரு மணி நேர இன்ஸ்டால், மீட்பு, அவ்வளவுதான்.

எம்.2 ஸ்லாட்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கலாம். பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ செத்துவிடும், இரண்டும் ஒரே பாதையைப் பங்கு போடுவதால். நான்கு ஹார்டு டிஸ்கையும் வாங்கி வந்து மாட்டிய பிறகு மூன்றுதான் தெரிகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மேனுவலில் எம்.2 பற்றிய பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அதைப் படியுங்கள்.

இனி ஹார்டு டிஸ்க். உங்கள் திட்டப்படி 4 டிபி நான்கு, ரெய்டு 5, ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்குப் போகப் பயன்படுவது 12 டிபி. நான் சொல்வது 12 டிபி இரண்டு. ஒன்று நகலுக்கு என்பதால் பயன்படுவது அதே 12 டிபி. விலை கொஞ்சம் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு போர்ட்டில் இரண்டு காலியாக மிஞ்சும். இரண்டு வருடம் கழித்து இடம் போதவில்லை என்றால் இன்னொன்றை மாட்டலாம். உங்கள் திட்டத்தில் நான்கு போர்ட்டும் முதல் நாளே நிரம்பிவிடும், இடத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நான்கையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒரு 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுற்றவே ஏறக்குறைய 5 வாட் எடுக்கும். இரண்டு டிஸ்க் குறைந்தால் 10 வாட், இரண்டு மாத பில்லில் 14 யூனிட். சூடும் அந்த அளவுக்குக் குறையும். பேக்பிளேஸ் என்ற நிறுவனம் லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டி, 2013லிருந்து எத்தனை செத்தன என்ற கணக்கை வெளியிடுகிறது. எல்லா மாடலையும் சேர்த்து ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிலிருந்து இரண்டு வரை போகிறது. நான்கு டிஸ்க் வைத்தால் வருடத்துக்கு ஒன்றாவது போகும் வாய்ப்பு ஏறத்தாழ 6 சதவீதம், இரண்டு என்றால் 3. வீட்டு அலமாரியில் இருக்கும் டிஸ்க் டேட்டா சென்டரில் இருப்பதைப் போல வாழாது என்பதையும் நினைவில் வையுங்கள், இந்த எண்ணை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த முடியாது.

ரெய்டு 5 பற்றி ஒரு பழைய பயம் உண்டு. வீட்டு டிஸ்குகளின் விவரத் தாளில் 10இன் அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 12.5 டிபிக்கு ஒன்று. அதனால் பெரிய தொகுதியை மீட்கும்போது கட்டாயம் பிழை வரும், ரெய்டு 5 செத்துவிட்டது என்று சொல்வார்கள். அந்த எண் உற்பத்தியாளர் கொடுக்கும் உத்தரவாதத்தின் எல்லை, நடைமுறையில் டிஸ்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. மாதாமாதம் முழு டிஸ்கையும் படித்துச் சரிபார்க்கிறவர்களுக்கு 12.5 டிபிக்கு ஒன்று என்று பிழை வருவதில்லை. ஆக அந்தப் பயம் மிகை. மீட்க ஆகும் நேரம்தான் நிஜமான தொல்லை. 8 டிபி டிஸ்க் ஒன்றை முழுக்க எழுத, வினாடிக்கு 180 எம்பி என்று வைத்தாலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மே மாதம் என் வீட்டில் அப்படி ஒன்றை மாற்றினேன், 14 மணி நேரம் ஓடியது. மத்தியானம் 2 மணிக்கு டிஸ்க் சூடு 56 டிகிரி. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை ஸ்டூல் மேல் ஏற்றி நேராகக் காட்டினேன், அரை மணியில் 47க்கு வந்தது. மிச்சமிருக்கும் டிஸ்குகளுக்கு அதிக வேலை கொடுக்கும் நேரமே அவற்றில் ஒன்று போனால் எல்லாம் போய்விடும் நேரமும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று எஸ்எம்ஆர் என்ற எழுதும் முறை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டின் ஓரம் அடுத்ததன் கீழே செருகியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன் மேலே படிந்திருக்கும் வரிசையை எல்லாம் எடுத்து அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் அப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு முறை எழுதி, பல முறை படிக்கும் படத் தொகுப்புக்கு அது பரவாயில்லை. ஆனால் ரெய்டில், முக்கியமாக இசட்எஃப்எஸ்ஸில், மீட்பு வேலை நாள் கணக்கில் இழுக்கும், சில சமயம் டிஸ்க் பதிலே சொல்லாமல் தொகுதியிலிருந்து வெளியே தள்ளப்படும். நேஸுக்கு (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) என்று விற்ற டபிள்யூடி ரெட் டிஸ்குகளில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியே வந்தது. அதன் பிறகு நிறுவனங்கள் பட்டியல் வெளியிட்டன, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாத முறை) வரிசைக்கு ரெட் ப்ளஸ் என்று பெயர் வைத்தார்கள். அதனால் பெயரை மட்டும் பார்க்காமல் மாடல் எண்ணை முழுக்க எழுதி, தயாரிப்பாளரின் பட்டியலில் சிஎம்ஆர்தானா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, இரண்டு 12 டிபி டிஸ்க் வந்துவிட்டது. மிரர் போடலாமா? உங்களிடம் வேறு பேக்கப் எதுவும் இல்லை என்றால், போடாதீர்கள் என்பதுதான் என் பதில். நிறையப் பேர் இதற்கு மாறாகச் சொல்வார்கள், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மிரர் காப்பாற்றுவது ஒரே ஒரு ஆபத்திலிருந்து: டிஸ்க் சாவது. நீங்கள் தவறாக அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் இரண்டும் போகும். பவர் சப்ளை வெடித்தால் இரண்டும் போகலாம். அதற்குப் பதில் ஒன்றை வேலை டிஸ்காகவும் இன்னொன்றைத் தினமும் இரவில் நகல் வாங்கும் டிஸ்காகவும் வையுங்கள். முடிந்தால் நகல் டிஸ்கை வேறொரு பழைய கம்ப்யூட்டரில் வையுங்கள். வேலை டிஸ்க் செத்தால் ஒரு நாள் மாற்றங்கள் போகும், ஒரு மாலை வேலை கெடும். படங்களுக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. மூன்றாவது டிஸ்க் வாங்கக் காசு வரும்போது மிரர் போட்டுக்கொள்ளலாம், ஒற்றை டிஸ்கை மிரராக மாற்றுவது இசட்எஃப்எஸ்ஸில் ஒரு கட்டளைதான்.

நகல் எடுப்பதிலும் ஒரு குழி உண்டு. 2018இல் என் நகல் வேலையை ஆர்சிங்க் என்ற நகல் கருவியை வைத்து எழுதியிருந்தேன். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்று சொல்லியிருந்தேன், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று. ஒரு இரவு கரண்ட் போய் வந்ததில் மூல டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை (சிஸ்டத்தோடு இணையவில்லை), கேபிள் தளர்ந்திருந்தது. மவுண்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் காலியாக நின்றது. இரவு 2 மணிக்கு வேலை ஓடியது, மூலம் காலி, ஆகவே நகலையும் காலி செய்தது. காலையில் பார்த்தபோது இரண்டு பக்கமும் வெறுமை. என் மகள் முதல் முதலாக நடந்த வீடியோ அதில் இருந்தது. கேபிளை அழுத்தி மாட்டியதும் மூலம் திரும்பி வந்தது, ஒன்றும் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு காரியம் செய்கிறேன். மூல டிஸ்கில் ஒரு அடையாளக் கோப்பு இருக்கிறது, அது கண்ணில் படாவிட்டால் நகல் வேலை ஆரம்பிக்கவே கூடாது. நகல் டிஸ்கில் ஒவ்வொரு இரவும் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறது, 30 நாளுக்கு. நகலில் எதுவும் அழிந்தாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

போட்டோக்களுக்கு இதுவும் போதாது. அந்த 500 ஜிபிதான் உங்கள் பெட்டியில் இருக்கும் ஒரே விலைமதிப்பற்ற பொருள், படங்களை எங்கிருந்தாவது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற 3-2-1 கணக்கு இதற்குத்தான். என் மூன்றாவது நகல் 1 டிபி யூஎஸ்பி டிஸ்கில், என்க்ரிப்ட் செய்து, திருச்சியில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்த டிஸ்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். கிளவுடும் நல்லதுதான், 500 ஜிபி பெரிய செலவில்லை. எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து நாலு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஃபைல் சிஸ்டம் எது என்பதில் கருத்து வேறுபாடு நிறைய. உங்கள் அளவுக்கு இசட்எஃப்எஸ் நல்லது என்பேன், தரவு தானாகக் கெட்டால் செக்சம் (தரவோடு சேர்த்து வைக்கும் சரிபார்ப்பு எண்) மூலம் கண்டுபிடித்துச் சொல்லும். ஒற்றை டிஸ்கில் அதனால் திருத்த முடியாது, ஆனால் எந்த ஃபைல் கெட்டது என்று பெயர் சொல்லும், நகலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 1 டிபிக்கு 1 ஜிபி ராம் வேண்டும் என்ற பேச்சை நம்ப வேண்டாம், வீட்டுப் பயன்பாட்டுக்கு அது தேவையில்லை. புதிதாக இன்ஸ்டால் செய்த ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1லிருந்து இசட்எஃப்எஸ் கேஷை மொத்த ராமில் 10 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது, உங்கள் 16 ஜிபியில் அது 1.6 ஜிபி. இசிசி ராம் (பிழையைத் தானே திருத்தும் ராம்) கட்டாயமா என்பது இன்னும் ஓயாத வாதம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மற்ற ஃபைல் சிஸ்டத்தைவிட இசட்எஃப்எஸ் மோசமாகிவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. வேறு வேறு அளவில் பழைய டிஸ்குகள் நிறையக் கிடக்கின்றன என்றால் மெர்ஜர்எஃப்எஸ் (பல டிஸ்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும் மென்பொருள்), ஸ்னாப்ரெய்டு (அவற்றுக்குப் பாரிட்டி சேர்க்கும் மென்பொருள்) கூட்டணி அருமையானது. ஒவ்வொரு டிஸ்கையும் தனியாகக் கழற்றி எந்த லினக்ஸிலும் படிக்கலாம். ஆனால் பாரிட்டி அவ்வப்போதுதான் கணக்கிடப்படும், அதனால் அடிக்கடி மாறாத படங்களுக்குச் சரி, விஎம் ஃபைல்களுக்குக் கூடாது.

எல்லாம் வாங்கிய பிறகு பலர் செய்யும் ஒரு தவறு: ஒரு விஎம்முக்கு 6 டிபி அளவில் மெய்நிகர் டிஸ்க் ஒன்றை உருவாக்கி, படங்களை அதற்குள் கொட்டுவது. அப்புறம் அந்த விஎம்மை பேக்கப் எடுத்தால் 6 டிபியும் சேர்ந்து வரும், விஎம் கெட்டால் படங்கள் ஒரு ராட்சத ஃபைலுக்குள் மாட்டிக்கொள்ளும். படங்கள் ஹோஸ்டின் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் நிஜக் கம்ப்யூட்டர்) டிஸ்கிலேயே சாதாரண ஃபோல்டராக இருக்கட்டும். ஜெல்லிஃபினை ஒரு கன்டெய்னரில் (விஎம்மைவிட இலகுவான தனித் தடுப்பு) போட்டு அந்த ஃபோல்டரை உள்ளே காட்டினால் போதும். உங்கள் ஐ5இல் உள்ள இன்டெல் க்விக் சிங்கையும் (வீடியோவை வேகமாக மாற்றும் பகுதி) கன்டெய்னருக்குக் கொடுத்துவிடலாம், ஹெச்இவிசி 10 பிட் வரையிலான வீடியோ வடிவங்களை அதுவே பார்த்துக்கொள்ளும், ஏவி1 என்ற வடிவம் மட்டும் அந்தத் தலைமுறைக்குத் தெரியாது. ட்ரூநேஸை (நேஸ் மென்பொருள்) விஎம்மில் போட்டே தீர வேண்டும் என்றால், டிஸ்க் கன்ட்ரோலரை முழுதாக அந்த விஎம்முக்கு ஒப்படைக்க வேண்டும், தனி ஹெச்பிஏ கார்டு (டிஸ்குகளை மாட்டும் கன்ட்ரோலர் அட்டை) இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

கேமரா பதிவைத் தனி டிஸ்கில் வையுங்கள். 4 மெகாபிட்டில் ஓடும் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எழுதும். நான்கு கேமரா, 30 நாள் என்றால் 5 டிபியைத் தாண்டும். நிற்காமல் எழுதும் அந்த வேலை படத்துக்கும் தொல்லை, எஸ்எஸ்டிக்கும் கேடு. நான் காலியாக விடச் சொன்ன மூன்றாவது சாட்டா போர்ட் இதற்குத்தான் பயன்படும். அதற்கு ரெய்டும் வேண்டாம், பேக்கப்பும் வேண்டாம்.

கரண்ட் விஷயம் நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான இன்வெர்ட்டரில் பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கும், யூபிஎஸ் முறை, ஈகோ முறை என்று. ஈகோவில் இருந்தால் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் முறையில் வைத்தாலும், பேட்டரி தீரப்போகிறது என்று சர்வரிடம் சொல்ல அதற்கு வழியில்லை. நாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போய் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றால், சர்வரும் எழுதிக்கொண்டிருந்த நடுவிலேயே நிற்கும். யூஎஸ்பி கேபிள் உள்ள ஒரு சின்ன யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டருக்கும் சர்வருக்கும் நடுவே வைத்து, நட் என்ற மென்பொருளைப் போட்டால் பேட்டரி குறைந்ததும் விஎம்களை ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் பெட்டி அணையும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கொயர் வேவ் என்றால் சில யூபிஎஸ்கள் அதைக் கரண்டாகவே ஏற்காது.

டிஸ்க் கைக்கு வந்ததும் நேராகத் தரவைக் கொட்டாதீர்கள். 2025 தொடக்கத்தில் சீகேட்டின் பழைய டிஸ்குகள் ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதியவை போல விற்கப்பட்டது ஜெர்மனியில் அம்பலமானது. நிறுவனம் தான் விற்கவில்லை என்றது, நடுவில் இருந்த விற்பனைச் சங்கிலியில் கலந்தவை அவை. அந்த டிஸ்குகளில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு உண்டு, அதை ஏமாற்றுக்காரர்கள் அழிக்கவில்லை, அதில் ஓடிய மணி நேரம் உண்மையாகத் தெரிந்தது. அதனால் வாங்கியதும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரண்டி பாருங்கள், ஓடிய மணி நேரம் பாருங்கள். பிறகு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டுங்கள், 12 டிபிக்கு ஏறக்குறைய ஒரு நாள். பொறுமை இருந்தால் பேட்பிளாக்ஸ் என்ற கருவியால் டிஸ்க் முழுக்க எழுதிப் பார்க்கும் சோதனையும். அது நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும், ஐந்தாறு நாள் ஆகும். கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள் முடியும்படி ஆரம்பியுங்கள். இரண்டு டிஸ்கையும் ஒரே பெட்டியிலிருந்து அடுத்தடுத்த சீரியலில் வாங்காமல் இரண்டு கடையில் வாங்கினால் இன்னும் நல்லது.

ஓட ஆரம்பித்த பிறகு ஸ்மார்ட்டில் 5, 187, 188, 197, 198 என்ற எண்ணிட்ட ஐந்து பிழைக் கணக்குகளைக் கவனியுங்கள், அவற்றின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து நகர்ந்தால் மெயில் வரும்படி வைத்துவிடுங்கள். 199 ஏறினால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் சாட்டா கேபிள். என் வீட்டில் ஒரு டிஸ்கைச் செத்ததாக நினைத்துப் புதிது வாங்கக் கிளம்பி, கடைசியில் கேபிளை மட்டும் மாற்றினேன், அந்த டிஸ்க் அதற்கப்புறம் நாலு வருடம் ஓடியது. ஆனால் ஸ்மார்ட் சுத்தமாக இருப்பதால் டிஸ்க் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்குகளில் 56 சதவீதம் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செத்திருந்தன.

காசு ஒரே நேரத்தில் இல்லை என்றால் இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் 1 டிபி யூஎஸ்பி டிஸ்க் ஒன்று, போட்டோக்களுக்கு மட்டும், இந்த வாரமே. அந்தப் பழைய யூஎஸ்பி டிஸ்குகளில் அவை ஒரே நகலாக இருப்பதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து. அடுத்து டிஎல்சி எஸ்எஸ்டி, ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு விஎம்களோடு பழகுங்கள். பிறகு முதல் 12 டிபி, அதற்குப் பிறகு யூபிஎஸ், அப்புறம் இரண்டாவது 12 டிபி. இரண்டாவது வரும்வரை பழைய யூஎஸ்பி டிஸ்குகளை அழிக்காமல் அப்படியே நகலாக வைத்திருங்கள். உங்கள் மதர்போர்டின் மாடல் எண்ணை எழுதினால் எம்.2 எந்த சாட்டா போர்ட்டோடு சண்டை போடும் என்று மேனுவலைப் பார்த்துச் சொல்கிறேன்.